லாகவுட் செய்தும் மூடாத ஹோம் ஃபோல்டர்: காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஹோம் ஃபோல்டரைக் குறியாக்கம் செய்து வைத்திருப்பவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: லாகவுட் செய்துவிட்டு எழுந்தால் அதன்பின் யார் அந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்புகள் அவர்கள் கைக்கு எட்டக்கூடாது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் கணினிகள் பலவற்றில் இது நடப்பதில்லை. லாகின் திரை வந்துவிடும். ஆனால் ஃபோல்டர் மவுண்ட் ஆனபடியே, அதாவது குறியாக்கம் நீங்கித் திறந்து இணைக்கப்பட்டபடியே, கிடக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. ரூட் (நிர்வாகி) உரிமை உள்ள இன்னொருவர் எல்லாவற்றையும் சாதாரணக் கோப்புகளாகவே படிக்கலாம். மடிக்கணினியை அப்படியே சஸ்பெண்ட் செய்து பையில் போட்டால், திறக்கும் சாவியும் ரேமில் கூடவே பயணம் செய்கிறது.

இந்த வழிகாட்டி முதன்மையாக இகிரிப்ட்எஃப்எஸ் என்ற ஃபோல்டர் குறியாக்க முறைக்கானது. உபுண்டு 9.04 முதல் முழு ஹோமையும் இப்படிக் குறியாக்கம் செய்ய முடிந்தது, 18.04 பதிப்பில் இன்ஸ்டாலரிலிருந்து அந்த வசதி நீக்கப்பட்டது. பழைய பதிப்பிலிருந்து அப்கிரேடு செய்துகொண்டே வந்தவர்களிடமும், நிறுவும்போதே இந்த வசதியைத் தேர்ந்தெடுத்த மின்ட் பயனர்களிடமும் இது இன்னும் இருக்கிறது. லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்க முறையில் தனிப் பார்ட்டிஷனாக ஹோம் வைத்திருப்பவர்களுக்கும் எஃப்எஸ்கிரிப்ட் என்ற மற்றொரு குறியாக்க முறையைப் பயன்படுத்துபவர்களுக்கும் பின்பகுதியில் தனியே சொல்லப்பட்டுள்ளது.

கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்திலேயே அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்கள் தனியே குறிப்பிடப்பட்டுள்ளன. பயனர் பெயர் 'மலர்', அவருடைய எண் 1000 என்று வைத்துக்கொள்வோம். எண்ணைத் தெரிந்துகொள்ள: ஐடி -யு மலர்.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள்

முதலாவது, சுடோ (நிர்வாகியாகக் கட்டளையிடும்) உரிமையுள்ள இன்னொரு பயனர் கணக்கு. அதன் ஹோம் குறியாக்கம் இல்லாததாக இருக்க வேண்டும். மலரின் கணக்குக்குள் இருந்துகொண்டே மலரின் ஹோம் மூடுகிறதா என்று பார்க்க முடியாது.

இரண்டாவது, மவுண்ட் பாஸ்ஃபிரேசின், அதாவது ஃபோல்டரைத் திறக்கும் உண்மையான சாவிச் சரத்தின், பிரதி. மலராக லாகின் செய்து இகிரிப்ட்எஃப்எஸ்-அன்ராப்-பாஸ்ஃபிரேஸ் என்ற கட்டளையைக் கொடுங்கள். லாகின் பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டு, வழக்கமான நிறுவலில் 32 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தைக் காட்டும். அதைத் தாளில் எழுதி அந்தக் கணினிக்கு வெளியே வையுங்கள். லாகின் அமைப்புகளில் கை வைக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால், தரவை மீட்க இதுதான் கைகொடுக்கும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள்.

உண்மையிலேயே திறந்துதான் கிடக்கிறதா?

மலர் முழுமையாக லாகவுட் செய்ய வேண்டும். திரையை லாக் செய்வதும் 'பயனரை மாற்று' என்பதும் லாகவுட் ஆகாது. அவற்றில் செஷன் உயிரோடுதான் இருக்கும், ஃபோல்டரும் திறந்துதான் இருக்க வேண்டும்.

லாகவுட் ஆனதும் குறைந்தது 15 நொடி பொறுங்கள். பயனரின் கடைசி செஷன் முடிந்தபிறகும் அவருக்கான பின்னணிச் சேவையை சிஸ்டம்டி (சேவைகளை இயக்கி நிறுத்தும் மைய மென்பொருள்) 10 நொடி வைத்திருக்கும். உடனே திரும்ப லாகின் செய்தால் வேகமாக இருக்கட்டும் என்பதற்காக. அந்த 10 நொடிக்குள் பார்த்துவிட்டு 'மூடவில்லை' என்று முடிவு கட்டுவோர் நிறையப் பேர்.

பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் இன்னொரு கணக்கில் நுழைந்து இதைக் கொடுங்கள்:

ஃபைண்ட்எம்என்டி -டி இகிரிப்ட்எஃப்எஸ்

எதுவும் வராவிட்டால் மவுண்ட் இல்லை. /ஹோம்/மலர் என்று ஒரு வரி வந்தால் திறந்து கிடக்கிறது. அதே வரியில் ஏஇஎஸ், கீ அளவு 16 பைட் என்ற விவரமும் தெரியும்.

கண்ணால் பார்க்க விரும்பினால் சுடோவுடன் எல்எஸ் கொடுங்கள். மூடிய ஹோமில் ஒரு ரீட்மீ கோப்பும், 'உங்கள் தனிப்பட்ட தரவை அணுக' என்ற பொருளில் ஆங்கிலப் பெயருள்ள ஒரு டெஸ்க்டாப் கோப்பும் மட்டும் இருக்கும். சுடோ இல்லாமல் எல்எஸ் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஃபோல்டர் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் 'அனுமதி இல்லை' என்றே வரும். பாதுகாப்பாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சோதனையின் நடுவே எஸ்யு கொடுத்து மலராக மாறாதீர்கள். அது இன்னொரு செஷனைத் திறக்கும். நீங்கள் தேடும் தடயத்தில் நீங்களே ஒன்றைச் சேர்த்துவிடுவீர்கள்.

எப்போது மூடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் படிகள் தானாக விளங்கும். லாகின், லாகவுட் இரண்டையும் கவனிக்கும் பிஏஎம் அமைப்பில் இகிரிப்ட்எஃப்எஸ்-க்கென்று ஒரு மாட்யூல் இருக்கிறது. செஷன் திறக்கும்போது ஃபோல்டரை மவுண்ட் செய்து, ஒரு சிறு கோப்பில் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். செஷன் மூடும்போது ஒன்று குறைக்கும். பூஜ்யத்துக்கு வந்தால்தான் அன்மவுண்ட் செய்யும். அந்தக் கோப்பு இங்கே இருக்கிறது:

/டெவ்/எஸ்எச்எம்/இகிரிப்ட்எஃப்எஸ்-மலர்-பிரைவேட்

கடைசிச் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. சுடோவுடன் கேட் கட்டளையில் படித்தால் ஓர் எண் மட்டும் வரும். திரைவழி லாகின் ஒன்று, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக ஒன்று, கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலை ஓடும் நேரத்தில் இன்னொன்று என எண் ஏறும். இவை போதாதென்று, ஒவ்வொரு பயனருக்கும் சிஸ்டம்டி தொடங்கும் பின்னணி மேலாளரும் தனக்கென ஒரு பிஏஎம் செஷனைத் திறக்கிறது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் அந்தச் செஷனின் அமைப்புக் கோப்பு 'காமன்-செஷன்-நான்இன்டராக்டிவ்' கோப்பைச் சேர்த்துக்கொள்வதால், இகிரிப்ட்எஃப்எஸ் மாட்யூல் அங்கேயும் ஓடி இன்னொன்றைக் கூட்டுகிறது. மலர் தன் கடைசிச் சாளரத்தை மூடினாலும் இந்த மேலாளர் போகாதவரை எண் பூஜ்யம் ஆகாது. அந்த நிலையில் அன்மவுண்ட் செய்ய முயன்றால் 'செஷன்கள் இன்னும் திறந்துள்ளன, அன்மவுண்ட் செய்யவில்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும்.

ஆகவே தேட வேண்டியது இரண்டு: எண்ணைப் பூஜ்யத்துக்கு விடாத செஷன் எது, ஃபோல்டருக்குள் இன்னும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம் எது.

செஷனைப் பிடிப்பது

இன்னொரு கணக்கிலிருந்து லாகின்சிடிஎல் யூசர்-ஸ்டேட்டஸ் மலர் என்று கொடுங்கள். லாகவுட் சரியாக முடிந்திருந்தால் அப்படி ஒரு பயனர் இப்போது இல்லை என்று பிழை வரும். அதுதான் நமக்கு வேண்டும். பயனர் விவரம் வந்தால் 'ஸ்டேட்' வரியைப் பாருங்கள்.

'க்ளோசிங்' என்று இருந்தால் லாகவுட் தொடங்கியது, ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் சாகவில்லை. கீழே மரக்கிளைபோல வரும் பட்டியலில் அதன் பெயரும் எண்ணும் இருக்கும். டெர்மினலை மூடினாலும் ஓடும் டிமக்ஸ், ஸ்க்ரீன், நோஹப் போட்டு ஓடவிட்ட ஸ்கிரிப்ட், சின்க்திங் போன்ற கோப்பு ஒத்திசைவு, ஜிபிஜி-ஏஜென்ட், முழுதாக மூடாத பிரவுசர் ஆகியவைதான் திரும்பத் திரும்பச் சிக்குபவை.

'லிங்கரிங்' என்று இருந்தால் அந்தப் பயனருக்கு லிங்கர் வசதி இயக்கப்பட்டுள்ளது. லாகவுட்டுக்குப் பிறகும் பின்னணி மேலாளர் ஓடட்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பாட்மேன் கன்டெய்னர்களைத் தொடர்ந்து ஓடவைக்கும் வழிமுறைகளில் இந்தக் கட்டளை அடிக்கடி வரும். படித்துச் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் ஃபோல்டரில் மலர் என்ற பெயரில் வெற்றுக் கோப்பு இருந்தால் உறுதி.

'ஆக்டிவ்' அல்லது 'ஆன்லைன்' என்றால் வேறொரு செஷன் நிஜமாகவே திறந்திருக்கிறது. வேறு கணினியில் மூடாமல் விட்ட எஸ்எஸ்எச் சாளரமாக இருக்கலாம். மற்றொரு கறுப்புத் திரையில் செய்த லாகினாகவும் இருக்கலாம்.

கோப்பைப் பிடிப்பது

சுடோ எஃப்யூசர் -விஎம்எம் /ஹோம்/மலர்

இதில் முதல் எம் சிறியது, இரண்டாவது எம் பெரியது. அந்தப் பெரிய எம்-ஐ விட்டுவிடாதீர்கள். சிறிய எம் மட்டும் கொடுத்து, அந்த நேரம் ஃபோல்டர் மவுண்ட் ஆகாமல் இருந்தால், எஃப்யூசர் அது இருக்கும் முழு வட்டையும் கணக்கில் எடுத்து, கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பட்டியலிடும். அதோடு கொல்லும் விருப்பமான -கே சேர்ந்துவிட்டால் கணினியே விழும். பெரிய எம் இருந்தால், அது மவுண்ட் ஆன இடமாக இல்லாதபோது எஃப்யூசர் எதுவும் செய்யாமல் நின்றுவிடும்.

பட்டியலின் முதல் வரியில் 'ரூட் – கெர்னல் – மவுண்ட்' என்று இருக்கும். அது மவுண்ட்டையே குறிக்கும் வரி, குற்றவாளி அல்ல. அடுத்த வரிகளில் பயனர், புரோகிராம் எண், ஓர் எழுத்துத் தொகுதி, புரோகிராம் பெயர் என்று வரும். எழுத்துகளில் சி என்றால் அந்தப் புரோகிராம் இந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு ஓடுகிறது; பெரிய எஃப் என்றால் கோப்பை எழுதுவதற்காகத் திறந்து வைத்திருக்கிறது; எம் என்றால் கோப்பை நினைவகத்தில் இணைத்து வைத்திருக்கிறது; இ என்றால் அந்தப் புரோகிராமே இந்த ஃபோல்டரிலிருந்துதான் ஓடுகிறது. பெரிய எஃப் உள்ளதை நேரடியாகக் கொன்றால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். முதலில் அதற்குரிய முறையில் மூடப் பாருங்கள்.

பயனர் பெயர் மலர் இல்லாத வரிகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஹோமை நெட்வொர்க்கில் பகிர்ந்திருந்தால் சாம்பா என்ற பகிர்வு மென்பொருள் இருக்கும். யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை எஸ்எம்பிஸ்டேட்டஸ் காட்டும். நிர்வாகி வேறொரு டெர்மினலில் /ஹோம்/மலர் ஃபோல்டருக்குள் சிடி செய்துவிட்டு அங்கேயே நின்றிருந்தாலும் அதுவும் தடைதான்.

ஹோமுக்குள்ளேயே இன்னொன்று மவுண்ட் ஆகியிருந்தாலும் வெளியிலுள்ளது மூடாது. ஃபைண்ட்எம்என்டி -ஆர் /ஹோம்/மலர் என்று கொடுத்தால் (ஆர் பெரிய எழுத்து) உள்ளே தொங்கும் எஸ்எஸ்எச்எஃப்எஸ், ஐஎஸ்ஓ கோப்பு போன்றவை தெரியும். உள்ளே இருப்பதை முதலில் கழற்றுங்கள்.

சரிசெய்யும் வரிசை

லிங்கரை அணைப்பதிலிருந்து தொடங்குங்கள்: சுடோ லாகின்சிடிஎல் டிசேபிள்-லிங்கர் மலர். லாகவுட்டுக்குப் பின்னும் ஓட வேண்டிய சேவை மலருக்கு உண்மையிலேயே தேவை என்றால், அதன் கோப்புகளை ஹோமுக்கு வெளியே வைத்துத் தனிப் பயனர் பெயரில் ஓட்டுங்கள். ஹோம் மூடவும் வேண்டும், ஹோமுக்குள் இருக்கும் சேவை ஓடவும் வேண்டும் என்பது இரண்டும் சேராது.

அடுத்து, மிச்சப் புரோகிராம்களை லாகவுட்டோடு முடிக்கச் சொல்வது. சிஸ்டம்டி 230ஆம் பதிப்பு (2016) முதல் இதையே இயல்பாக வைத்தது. ஆனால் டெபியனும் உபுண்டுவும் டிமக்ஸ் பயனர்களை நினைத்து இதை அணைத்தே தருகின்றன. /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்.டி என்ற ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் .கான்ஃப் என முடியும் ஒரு கோப்பில் இதை எழுதுங்கள்:

[லாகின்]
கில்யூசர்பிராசசஸ்=எஸ்
கில்ஒன்லியூசர்ஸ்=மலர்

சதுர அடைப்புக்குள் உள்ள பெயரிலும், சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள பெயர்களிலும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கி, இடைவெளியின்றிச் சேர்ந்திருக்கும். 'எஸ்' என்பது 'ஆம்' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல். இரண்டாவது வரி முக்கியம். அது இல்லாவிட்டால் ரூட் தவிர்த்த எல்லாப் பயனர்களின் புரோகிராம்களும் லாகவுட்டில் சாகும். இரவு முழுக்க ஓட வேண்டிய வேலையை விட்டுச் சென்ற சக ஊழியர் காலையில் வந்து திகைத்து நிற்பார். மாற்றத்துக்குப் பிறகு ரீபூட் செய்யுங்கள். வரைகலைச் செஷன் ஓடும்போது லாகின்டி சேவையை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது வேண்டாம்.

பெரும்பாலும் இதோடு 'க்ளோசிங்' நிலை மறைந்துவிடும். இதன் கையெட்டாதவை இரண்டு: கிரான் வேலைகள் கிரான் சேவையின் கீழும், சாம்பா அதன் சேவையின் கீழும் ஓடுவதால் அவை மலரின் செஷனுக்குள் அடங்காது. கிரான் ஸ்கிரிப்டுகளை ஹோமுக்கு வெளியே நகர்த்துங்கள். ஃபோல்டர் மூடியிருக்கும்போது அவை எப்படியும் ஓடப்போவதில்லை. சாம்பா பகிர்வுக்கு ஹோமைக் கொடுக்காதீர்கள்.

புரோகிராம் ஒன்றுகூட மிச்சமில்லை, ஆனாலும் மவுண்ட் நிற்கிறது என்றால் எண்ணிக்கைதான் பிசகியிருக்கிறது. திடீரென்று முறிந்த செஷன் ஏறிய எண்ணை இறக்காமல் போய்விட்டால் இப்படி ஆகும். பிஎஸ் -யு மலர் என்று கொடுத்து எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சுடோ யுமவுண்ட் /ஹோம்/மலர் கொடுங்கள். ஆங்கிலத்தில் இந்தக் கட்டளையில் யு-வுக்கு அடுத்து என் கிடையாது. ரூட்டாகச் செய்யும்போது எண்ணிக்கை பார்க்கப்படுவதில்லை. பிறகு எண்ணிக்கைக் கோப்பை அழித்துவிடுங்கள். அது ரேமில் இருப்பதால் ரீபூட்டிலும் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் கையால் செய்ய முடியாது என்பதால், இதையே தானாக நடக்க வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. பயனரின் பின்னணி மேலாளர் நின்ற பிறகு, யூசர்-ரன்டைம்-டைர் என்ற ரூட் சேவை நிறுத்தப்படும், உபுண்டு 20.04 முதலான பதிப்புகளில் இது உண்டு. அது நிற்கும் தருணத்தில் அன்மவுண்ட்டைக் கோத்துவிடலாம்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் யூசர்-ரன்டைம்-டைர்@1000.சர்வீஸ்

திறக்கும் எடிட்டரில் (பெரிய எழுத்து விதி முன்போலவே):

[சர்வீஸ்]
எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்=-/பின்/யுமவுண்ட் /ஹோம்/மலர்
எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்=-/பின்/ஆர்எம் -எஃப் /டெவ்/எஸ்எச்எம்/இகிரிப்ட்எஃப்எஸ்-மலர்-பிரைவேட்

சமக்குறிக்குப் பின்னுள்ள சிறுகோடு, கட்டளை தோற்றாலும் சேவையைத் தோற்றதாகக் கருதாதே என்பதற்கு. ஏற்கெனவே மூடிவிட்ட நாட்களில் யுமவுண்ட் தோற்பது இயல்புதானே. நிஜமாகவே தடை இருந்தால், ஜர்னல்சிடிஎல் -யு கொடுத்து அந்தச் சேவையின் பதிவைப் பார்த்தால் 'டார்கெட் இஸ் பிசி' என்ற வரி நிற்கும். உடனே எஃப்யூசர் படிக்குத் திரும்புங்கள்.

பின்னணி மேலாளரின் பிஏஎம் செஷனிலிருந்து இகிரிப்ட்எஃப்எஸ் மாட்யூலை நீக்கிவிடுவது இணையத்தில் அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு தீர்வு. எண்ணிக்கை சரியாகும் என்பது உண்மை. ஆனால் பிஏஎம் மாட்யூல்கள் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே வரிசையில்தான் ஓடும். இகிரிப்ட்எஃப்எஸ் வரி சிஸ்டம்டி வரிக்குப் பின்னால் இருந்தால், ஹோம் திறக்குமுன்பே பின்னணி மேலாளர் கிளம்பி வெறும் ஃபோல்டரைப் பார்க்கும். மலரின் சொந்தச் சேவைகள் எதுவும் தொடங்காது. முன்னால் இருந்தால், லாகவுட்டில் புரோகிராம்கள் சாகுமுன்பே அன்மவுண்ட் முயற்சி நடந்துவிடும். வரிசையை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் இடிக்கும். மேலே சொன்ன ரூட் சேவை வழி இந்தச் சிக்கலுக்குள் போவதில்லை, அதையே பரிந்துரைக்கிறோம்.

செய்யக்கூடாதவை

யுமவுண்ட் -எல், அதாவது சோம்பேறி அன்மவுண்ட், இந்தச் சிக்கலுக்கு மருந்தாகவே எங்கும் எழுதப்படுகிறது. அது மவுண்ட் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுக்கும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதைத் தொடர்ந்து படிக்கும், எழுதும். கடைசிக் கோப்பு மூடும்வரை கெர்னலுக்குள் அந்த மவுண்ட் உயிரோடிருக்கும். எஃப்யூசரும் இனி அதைக் கண்டுபிடிக்காது. அதைவிட மோசம், மலர் திரும்ப லாகின் செய்யும்போது அதே குறியாக்கக் கோப்புகளின் மேல் இரண்டாவது மவுண்ட் ஏறும். இரண்டும் தனித்தனி கேஷ் வைத்துக்கொண்டு ஒரே கோப்பில் எழுதினால் தரவு கெடும். இதே காரணத்தால், ஃபைண்ட்எம்என்டி வெறுமையாக வந்தாலும் பிஎஸ் -யு மலர் வெறுமையாக வருகிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

மலரின் ஹோமிலேயே உள்ள லாகவுட் ஸ்கிரிப்டில் அன்மவுண்ட் கட்டளையைப் போடுவதும் வீண். ஸ்கிரிப்ட் ஓடும் ஷெல்லே அந்த ஃபோல்டருக்குள்தான் நிற்கிறது.

லக்ஸ் பார்ட்டிஷனை பிஏஎம்-மவுண்ட் திறக்கிறது என்றால்

எண்ணிக்கைக் கதை இங்கேயும் அதேதான். பிஎம்வார்ரன் என்ற துணைக்கருவி அதைப் பார்த்துக்கொள்கிறது. வித்தியாசம், மிச்சப் புரோகிராம்களை முடிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. /ஈடிசி/செக்யூரிட்டி ஃபோல்டரில் உள்ள பிஏஎம்_மவுண்ட்.கான்ஃப்.எக்ஸ்எம்எல் கோப்பில் லாகவுட் என்ற குறி இருக்கும். இயல்பில் வெயிட் பூஜ்யம்; ஹப், டெர்ம், கில் மூன்றும் 'நோ'. டெர்ம், கில் இரண்டையும் 'எஸ்' ஆக்கி, வெயிட் மதிப்பை 500000 என வையுங்கள். அது மைக்ரோநொடிக் கணக்கு, அதாவது அரை நொடி. நொடி என்று நினைத்து 5 என்று எழுதினால் புரோகிராம்களுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்காது.

லக்ஸில் அன்மவுண்ட் ஆனால் மட்டும் போதாது, குறியாக்கம் நீங்கிய வட்டாகத் தெரியும் மேப்பர் டிவைசும் மூட வேண்டும். சுடோ டிஎம்செட்டப் இன்ஃபோ கொடுத்து 'ஓப்பன் கவுண்ட்' வரியைப் பாருங்கள். ஃபைண்ட்எம்என்டி எதையும் காட்டாதபோதும் இங்கே 1 இருந்தால், வேறொரு மவுண்ட் நேம்ஸ்பேசுக்குள் (தனி மவுண்ட் பட்டியலுக்குள்) அது தொங்குகிறது. ஹோமை உள்ளே இணைத்துக்கொண்ட டாக்கர் கன்டெய்னர் என்றால் இது நடக்கும். /பிராக் ஃபோல்டரில் எல்லாப் புரோகிராம்களின் மவுண்ட்இன்ஃபோ கோப்புகளிலும் மேப்பர் டிவைசின் பெயரை சுடோ கிரெப் -எல் கொண்டு தேடினால் எந்தப் புரோகிராம் எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்று வந்துவிடும்.

எஃப்எஸ்கிரிப்டில் மவுண்ட் என்ற பேச்சே இல்லை. சாவியை எடுத்தால் ஃபோல்டர் பூட்டிக்கொள்ளும். ஆனால் திறந்த கோப்பு ஒன்று இருந்தாலும் பூட்டு முழுமையாக விழாது. எஃப்எஸ்கிரிப்ட் லாக் கட்டளை 'முழுமையாகப் பூட்டப்படவில்லை' என்ற பொருளில் எச்சரித்தால், அந்தப் புரோகிராமை மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள்.

சரியானதைச் சோதிப்பது

ரீபூட் செய்து, மலராக லாகின் செய்து, பிரவுசர், டெர்மினல், கோப்பு மேலாளர் எல்லாவற்றையும் திறந்து வைத்த நிலையிலேயே லாகவுட் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுச் சோதிப்பது சோதனையே அல்ல. 15 நொடி கழித்து மூன்றையும் பாருங்கள்: ஃபைண்ட்எம்என்டி, பிஎஸ், லாகின்சிடிஎல். அடுத்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, ஒரு டிமக்ஸ் தொடங்கி, அதைவிட்டுப் பிரிந்து வெளியேறி மறுபடி பாருங்கள். சாகாமல் அடம்பிடிக்கும் புரோகிராமுக்கு சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிவரை அவகாசம் தரும். எனவே முதல்முறை மூடாவிட்டால் இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ஸ்வாப்பையும் (ரேமில் இடம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) பாருங்கள். ஹோம் திறந்திருந்த நேரத்தில் ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போன பக்கங்களில் கோப்புகளின் உள்ளடக்கம் வெளிப்படையாகவே இருக்கும். ஃபோல்டரை மூடினால் அவை அழிவதில்லை. இகிரிப்ட்எஃப்எஸ்-செட்டப்-ஸ்வாப் என்ற கட்டளை ஸ்வாப்பைக் குறியாக்கம் செய்துதரும்; அதன்பிறகு ஹைபர்னேட் வேலை செய்யாது என்பதை அறிந்தே செய்யுங்கள். அன்மவுண்ட் ஆனதாலேயே கெர்னலின் சாவி வளையத்திலிருந்து சாவியும் அதே நொடியில் போய்விட்டதாகக் கொள்ள வேண்டாம். பயணத்துக்கோ பழுதுபார்க்கும் கடைக்கோ கணினியைக் கொண்டுபோகும் நாளில் லாகவுட்டோடு நிறுத்தாமல் ஷட்டவுன் செய்தே எடுத்துச் செல்லுங்கள்.